ஒரு டிஜிட்டல் படத்தை விற்றால் ஒரு வீட்டின் மின்சாரம் எரியுமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதில். அவருடைய பள்ளியின் பசுமை மன்றத்தில் இருந்து, இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் நீலக்குறிஞ்சியைப் பன்னிரண்டு படங்களாக வரைந்திருக்கிறார். அவற்றை என்.எஃப்.டி. எனப்படும் டிஜிட்டல் சேகரிப்புப் பொருள்களாக இணையத்தில் விற்று, வரும் பணத்தில் ஊருக்கு மேலே உள்ள சரிவில் சீகை (வாட்டில் என்னும் அயல்நாட்டு) மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கலாம் என்பது அவர் யோசனை. மன்றத்தில் இப்போது இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எதிர்க்கிறார்கள். ‘ஒரு என்.எஃப்.டி. = ஒரு வீட்டின் மூன்று மாத மின்சாரம்’ என்று சிவப்பு மையில் சுவரொட்டி எழுதி, மே மாதக் கண்காட்சிக்குத் தயாராக வைத்திருக்கிறார்கள். யார் பக்கம் உண்மை இருக்கிறது என்று ஆசிரியை கேட்கிறார். இந்த ஒரு கேள்விக்குள் மூன்று இருக்கின்றன: அந்த எண் மெய்யா, எண் பிசகென்றால் கெடுதியும் பொய்யா, அந்தப் பன்னிரண்டு படங்களை என்ன செய்வது.

நான் நீர்மின் நிலையங்களில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். குந்தாவில் தொடங்கி, கடைசி ஒன்பது ஆண்டுகள் சிங்காராவில், 1932 முதல் ஓடிக்கொண்டிருக்கும் பைக்காரா மின்னிலையத்தில் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு மின்சாரச் சிக்கனம் பற்றிப் பள்ளிகளில் பேசப் போகிறேன். பிள்ளைகள் பிட்காயின் பற்றிக் கேட்கத் தொடங்கியதால்தான் இந்தக் கணக்குகளுக்குள் இறங்கினேன். மின்சாரத்தைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். நான் மென்பொருள் எழுதுபவன் அல்ல. புல்வெளியைப் பற்றிச் சொல்வதெல்லாம் வனத்துறை நண்பர்களுடன் நடந்து கற்றுக்கொண்டது.

முதலில் அந்த எண். அது பிள்ளைகள் கற்பனையாக எழுதியது அல்ல. 2020 டிசம்பரில் மெமோ ஆக்டன் என்ற கலைஞர், டிஜிட்டல் கலைப் படைப்புகள் எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் (பல கணினிகள் சேர்ந்து எழுதிக் காக்கும் கணக்கேட்டுச் சங்கிலியில்) விற்கப்படும்போது எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று கணக்கிட்டு வெளியிட்டார். பதிவு செய்வது, ஏலம் கேட்பது, ஏலத்தை ரத்து செய்வது, விற்பது, கைமாற்றுவது எல்லாவற்றையும் சேர்த்து, சராசரியாக ஒரு படைப்புக்கு 340 யூனிட் மின்சாரம், 211 கிலோ கரியமில வாயு என்றார். இரண்டு மாத பில்லில் 200 யூனிட் ஓடும் வீட்டுக்கு அது மூன்று மாதத்துக்கு மேல் வரும். சுவரொட்டி வாசகம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். இதன் பின்கதை இன்னும் முக்கியம். அந்தக் கணக்கை ஒவ்வொரு படைப்புக்கும் தனித்தனியாகக் காட்டும் இணையதளம் ஒன்றை அவர் நடத்தினார். சில மாதங்களில் அவரே அதை எடுத்துவிட்டார். எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, தனித்தனிக் கலைஞர்களைக் குறிவைத்துத் திட்டுவதற்கு மக்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதுதான் காரணம். அந்தப் பழைய மாணவருக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் இப்போது நடப்பதும் கிட்டத்தட்ட அதே என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

340 யூனிட் என்றால் எவ்வளவு என்று எங்கள் மின்னிலையத்துக்காரர்கள் கணக்கில் சொல்கிறேன். மலைமேல் உள்ள கிளன்மார்கனிலிருந்து கீழே சிங்காராவுக்கு விஞ்ச் என்னும் கம்பிவட வண்டியில் இறங்கியவர்களுக்கு அந்த உயரம் வயிற்றில் தெரியும். குழாயில் தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கிவந்து, கை மொத்தத்தில் ஒரு பீச்சாக டர்பைன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதுகிறது. பக்கத்தில் நின்றால் தரை அதிர்வது செருப்பு வழியாகத் தெரியும். அவ்வளவு உயரத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீர் விழுந்தால் நமக்குக் கிடைப்பது இரண்டு யூனிட்டும் கொஞ்சமும். அப்படியானால் 340 யூனிட்டுக்கு ஏறத்தாழ 1,60,000 லிட்டர் வேண்டும். கோடையில் ஊட்டியில் ஓடுகின்றனவே, 10,000 லிட்டர் தண்ணீர் லாரிகள், அவை பதினாறு. நீலகிரித் தண்ணீர் யாருடைய என்.எஃப்.டி.க்கும் ஓடவில்லை, அந்த மின்சாரத்தை இழுத்த இயந்திரங்கள் இருந்தவை வேறு நாடுகளில். ஆனால் யூனிட் என்பது பில்லில் வரும் வெறும் இலக்கம் இல்லை என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு படத்தைக் கணினியில் பதிவு செய்ய ஏன் இவ்வளவு மின்சாரம்? படம் பெரியது என்பதால் அல்ல. பெரும்பாலான என்.எஃப்.டி.க்களில் படம் சங்கிலிக்குள் இருப்பதே இல்லை. ‘இந்த முகவரியில் இருக்கும் படம் இன்னாருக்குச் சொந்தம்’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது. மின்சாரம் செலவானது அந்த வரியை எழுதும் உரிமைக்காக நடந்த போட்டியில். இதை நான் வகுப்பில் தாயக்கட்டையை வைத்து விளக்குவேன். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டு கட்டைகளை உருட்டினால் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. வகுப்பை எட்டுக் குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஜோடி கட்டை கொடுப்பேன். அடுத்தடுத்து இரண்டு தாயம் எந்தக் குழுவுக்கு முதலில் விழுகிறதோ, அந்தக் குழு கரும்பலகையில் ஒரு வரி எழுதலாம், பரிசு ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கி. ஒரு பிள்ளை மட்டும் மொத்தம் எத்தனை முறை கட்டை உருண்டது என்று கோடு போட்டு எண்ண வேண்டும். ஒருமுறை முதல் வர்க்கிப் பொட்டலம் பிரிவதற்குள் 71 கோடுகள் விழுந்துவிட்டன. கரும்பலகையில் எழுதப்பட்டதோ ஒரு வரி. மற்றக் குழுக்கள் உருட்டியதெல்லாம் எங்கும் சேமிப்பாகவில்லை, தரையில் கட்டை உரசிய சத்தமாகப் போய்விட்டது.

அடுத்த சுற்றில் பரிசை இரண்டு பொட்டலம் ஆக்குவேன். உடனே எல்லாரும் ஆளுக்கொரு ஜோடி கட்டை கேட்பார்கள். கட்டைகள் கூடினால் தாயம் சீக்கிரம் விழும். வரி எழுதும் வேகம் மாறக்கூடாது என்பது விதி. எனவே ‘இனி மூன்று தாயம் அடுத்தடுத்து விழ வேண்டும்’ என்று கடினமாக்குவேன். பிட்காயினில் நடப்பது இம்மியும் பிசகாமல் இதுதான். 2009 ஜனவரியில் தொடங்கிய அந்தச் சங்கிலியில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பரிமாற்ற வரிகளின் ஒரு தொகுதி எழுதப்படுகிறது. 2,016 தொகுதிகளுக்கு ஒருமுறை, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இயந்திரங்கள் கட்டை உருட்டுவதுபோல ஊகித்து ஊகித்துத் தீர்க்கும் கணக்குப் புதிரின் கடினம் தானாகவே சரிசெய்யப்படுகிறது. உலகத்தில் எத்தனை லட்சம் இயந்திரம் சேர்ந்தாலும் பத்து நிமிடம் பத்து நிமிடம்தான். வெல்பவருக்கு 2024 ஏப்ரல் முதல் 3.125 பிட்காயின் பரிசு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசு பாதியாகிறது என்பது உண்மை, ஆனால் விலை ஏறினால் அந்தப் பாதியே முன்பைவிடப் பெரிய தொகையாகிவிடுகிறது. விலை ஏற ஏற இயந்திரங்கள் கூடுகின்றன, வேலை கூடுவதில்லை. இதை நியாயமாகவும் சொல்ல வேண்டும்: இந்த வீண் உழைப்பு அர்த்தமில்லாமல் வைக்கப்பட்டதல்ல. பழைய வரியை அழித்துத் திருத்த நினைக்கும் திருடன் அவ்வளவு உருட்டலையும் மறுபடி உருட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவுதான் பூட்டு. மின்சாரத்தை எரிப்பதையே பூட்டாக வைத்தார்கள் என்பதில்தான் என் மனக்குறை.

இதிலிருந்து பிள்ளைகளின் கணக்கில் உள்ள முதல் ஓட்டை தெரிந்திருக்கும். மொத்த மின்சாரத்தை மொத்தப் பரிமாற்றங்களால் வகுத்து ‘ஒன்றுக்கு இவ்வளவு’ என்பது சராசரி. அந்தப் பன்னிரண்டு படங்களைப் பதிவு செய்யாமல் விட்டாலும் அன்றைக்கு ஒரு இயந்திரமும் நின்றிருக்காது. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குப் போகும் கடைசி பஸ்ஸில் நீங்கள் ஏறாவிட்டாலும் டீசல் எரியத்தான் செய்யும். ஆனால் டிக்கெட் வசூலைப் பார்த்துத்தான் அந்தத் தடத்தில் இன்னொரு பஸ் விடுகிறார்கள். 2021-ல் என்.எஃப்.டி. வாங்க மக்கள் முண்டியடித்தபோது எத்தீரியத்தில் கட்டணம் எகிறியது. அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு, இயந்திரம் வைத்திருந்தவர்களுக்குப் போனது, அவர்கள் மேலும் இயந்திரம் வாங்கினார்கள். ஆகவே ‘என் படத்தால் ஒன்றும் ஆகவில்லை’ என்று அப்போது விற்றவர்கள் சொன்னதும் தவறு, ‘உன் ஒரு படம் மூன்று மாத மின்சாரத்தை எரித்தது’ என்று எதிர்த்தவர்கள் சொன்னதும் தவறு. பொறுப்பு இருந்தது, ஆனால் அதைப் படத்துக்கு இத்தனை யூனிட் என்று நறுக்கித் தர முடியாது. எத்தீரியம் அப்போது ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு எரித்தது என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் மதிப்பீடு இன்னொருவருடையதைப் போல மூன்று நான்கு மடங்கு இருந்தது. யாரும் மீட்டர் வைத்துப் படித்ததில்லை. புதிர் எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை வைத்து, என்ன வகை இயந்திரம் ஓடியிருக்கும் என்று ஊகித்துப் போடும் கணக்குத்தான் எல்லாமே.

இரண்டாவது ஓட்டை பெரியது. அந்த எண்ணுக்கு வயதாகிவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் உருட்டல் போட்டியையே கைவிட்டது. அதற்குப் பதிலாக வந்த முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு உத்திரமேரூர் இருக்கிறது. குடவோலையில் பெயர் எழுதிப் பானையில் போட்டு ஒன்றை எடுப்பதுபோல, குறைந்தது 32 ஈத்தரை (எத்தீரியத்தின் நாணயம்) பிணையாகக் கட்டியவர்களிலிருந்து ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து எழுதச் சொல்கிறார்கள். அவர் பொய் எழுதினால் பிணையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். போட்டி போட்டு எரிக்க ஒன்றும் இல்லை, சாதாரணக் கணினி போதும். மாற்றத்துக்குப் பிறகு மின்சாரம் 99.9 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அப்போது செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி உலகம் முழுவதற்குமான எத்தீரியம் வலையமைப்புக்கு ஆண்டுக்கு 26 லட்சம் யூனிட் போதும். நம் மலையில் உள்ள சில பெரிய தேயிலைத் தொழிற்சாலைகள் சேர்ந்து ஓராண்டில் செலவிடும் அளவுதான் அது. 99-க்குப் பின்னால் எத்தனை ஒன்பது போடுவது என்பதில் சின்னச் சச்சரவு உண்டு, ஆனால் வீழ்ச்சி நடந்ததா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆகவே இன்று எத்தீரியத்திலோ, தொடக்கம் முதலே குலுக்கல் முறையில் இயங்கும் டெசோஸ் போன்ற சங்கிலியிலோ அந்தக் குறிஞ்சிப் படத்தைப் பதிவு செய்தால் ஆகும் மின்சாரம் பேசத் தக்க அளவே அல்ல. இந்த விஷயத்தில் பழைய மாணவர் சொல்வது சரி, சுவரொட்டி தவறு.

இதோடு நிறுத்தினால் ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று ஆகிவிடும். ஆகவில்லை. பிட்காயின் மாறவில்லை, மாறப்போவதாக அதை நடத்துபவர்கள் சொல்லவும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையில் அதன் ஆண்டுச் செலவை 138 டெராவாட் மணி என்று மதிப்பிட்டது. நம் கணக்கில் 13,800 கோடி யூனிட். தமிழ்நாடு முழுவதும், எல்லா ஆலைகளும் பம்புசெட்டுகளும் வீடுகளும் சேர்ந்து, ஓராண்டில் பயன்படுத்துவதைவிட அது சற்று அதிகம். 27 ஆண்டு, மாலை ஆறு மணிக்கு மேல் சுமை அனுப்பும் மையத்திலிருந்து ‘இன்னும் இருபது மெகாவாட் ஏற்ற முடியுமா’ என்று வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு மாநிலத்துக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் ஒரு புதிர்ப் போட்டியில் போகிறது என்று முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2023 ஜனவரி முதல் படங்களை நேரடியாகப் பிட்காயின் சங்கிலியிலேயே பொறித்து விற்கும் ஆர்டினல்ஸ் என்ற முறையும் வந்துவிட்டது. இப்போது டிஜிட்டல் சேகரிப்புப் பொருளால் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று யாராவது சொன்னால், எந்தச் சங்கிலியில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அந்த இயந்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுவரொட்டியில் அவை இல்லை. கோவையில் நண்பர் வீட்டு மாடியில் ஆண்ட்மைனர் எஸ்9 என்ற இயந்திரம் ஒன்றைத் திருகு கழற்றிப் பார்த்தேன். 2016-ல் சந்தைக்கு வந்த வகை. செருப்புப் பெட்டி அளவு, நான்கு கிலோ கனம், இரண்டு பக்கமும் விசிறி. உள்ளே அலுமினியத் தகடுகள் ஒட்டிய மூன்று பலகைகள், பலகைக்கு 63 சில்லுகளாக மொத்தம் 189. ஓடும்போது 1,300 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஒரு நாளைக்கு முப்பது யூனிட்டுக்கு மேல். இப்போது வரும் இயந்திரங்களில் பல 3,500 வாட் அளவுக்கு இழுக்கின்றன, நாளொன்றுக்கு எண்பது யூனிட்டுக்கு மேல். அந்த 189 சில்லுகளுக்கும் ஒரே ஒரு வேலைதான் தெரியும், பிட்காயினின் புதிரை உருட்டுவது. அதில் ஒரு கடிதம் தட்டச்சு செய்ய முடியாது, ஒரு பள்ளிக்குக் கொடுக்க முடியாது. அதைவிடத் திறமையான இயந்திரம் வந்து, மின்கட்டணத்துக்கே வருமானம் போதாமல் போகும் அன்று அது குப்பை. நண்பரின் மகன் விசிறிகளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தார். இப்படி ஆண்டுக்கு 30,000 டன்னுக்கு மேல் மின்கழிவு சேர்வதாக, இயந்திரத்தின் ஆயுள் ஒன்றேகால் ஆண்டு என்று வைத்து 2021-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கேம்பிரிட்ஜ் அறிக்கை நிறுவனங்களைக் கேட்டு எழுதியது, அது சொல்வது இதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் கணக்கு இயந்திரம் சீக்கிரம் செத்துவிடுவதாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது, குப்பையைப் போட்டவர்களிடமே எவ்வளவு போட்டாய் என்று கேட்டது. நான் இரண்டையும் முழுதாக நம்பவில்லை. பிள்ளைகளிடம் டன் கணக்கைச் சொல்வதைவிட அந்த ஒரு பெட்டியைத் திறந்து காட்டுவேன்.

‘அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் நீர்மின்சாரம், காற்றாலை’ என்று பதில் வரும். நீர்மின்சாரத்தில் வாழ்ந்தவன் என்பதால் இந்த வாதத்தை லேசில் தள்ளவும் மாட்டேன், லேசில் ஏற்கவும் மாட்டேன். அணை நிரம்பி, கலிங்கு வழியாகத் தண்ணீர் வீணாக வழிவதைப் பார்க்கும்போது வரும் வேதனை எனக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட நாள்களில் தண்ணீரைப் பிடித்துவைக்க இடம் இருக்காது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் மழைக்காலத்தில் இப்படி மிஞ்சிய நீர்மின்சாரத்தை மைனிங் செய்பவர்கள், அதாவது அந்தப் புதிர்ப் போட்டி இயந்திரங்களை ஓட்டுபவர்கள், மலிவாக வாங்கியது உண்மைதான். ஆனால் மழை நின்றதும் அதே இயந்திரங்களை லாரியில் ஏற்றி, நிலக்கரி மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் வடக்கு, மேற்கு மாகாணங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆண்டில் சில மாதம் மட்டும் ஓட்டினால் இயந்திரத்தின் விலை எடுபடாது. 2021-ல் சீனா மைனிங்கைத் தடை செய்ததும் அமெரிக்காவுக்கும் கஜகஸ்தானுக்கும் போனார்கள். கஜகஸ்தானில் அந்தக் குளிர்காலத்திலேயே மின்தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஏரிக்கரையில் உள்ள எரிவாயு மின்னிலையம் ஒன்றும், மொன்டானாவில் ஹார்டின் என்ற ஊரில் ஓய்ந்துகொண்டிருந்த நிலக்கரி மின்னிலையம் ஒன்றும் பிட்காயினுக்காகவே மறுபடி மும்முரமாக ஓடின. நியூயார்க் 2022 நவம்பரில் இப்படிப்பட்ட புதிய அனுமதிகளை இரண்டு ஆண்டுக்கு நிறுத்திவைத்தது.

இன்று எத்தனை பங்கு மாசற்ற மின்சாரம் என்று கேட்டால், கேம்பிரிட்ஜ் அறிக்கை அணுமின்சாரத்தையும் சேர்த்து 52 விழுக்காடு என்கிறது. அது நிறுவனங்கள் தாமே சொன்ன விவரம், வலையமைப்பில் ஏறத்தாழ பாதிப் பங்கை மட்டும் காட்டுகிறது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, 2020, 2021 ஆண்டுகளுக்கு 67 விழுக்காடு நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் என்றது. காலமும் வழியும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிடக் கூடாது. 52-ஐயே ஏற்றுக்கொண்டாலும் மீதிப் பாதியே ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி டன் கரியமில வாயு என்று அதே அறிக்கை சொல்கிறது. அதோடு, ஒரே மின்கட்டமைப்பில் நீர்மின்சாரத்தை ஒருவர் எடுத்துக்கொண்டால், அந்த நேரத்தில் பக்கத்து ஊருக்கு விளக்கெரிக்க எங்கோ ஒரு கொதிகலனில் நிலக்கரி போடத்தான் வேண்டும். இது எனக்குக் கண்ணால் கண்ட உண்மை. நாங்கள் இயந்திரத்தைப் பராமரிப்புக்கு நிறுத்திய ஒவ்வொரு முறையும் அந்தச் சுமை அனல் மின்னிலையத்தின் தலையில்தான் விழுந்தது.

இனிப் படங்கள். ‘என்.எஃப்.டி. ஒன்று விற்றால் மரம் ஒன்று நடுவோம், கரிமக் கணக்கு நேராகிவிடும்’ என்று அந்த மாணவர் சொல்லவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. நிறையப் பேர் அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். 2021-ல் பழைய கரிமச் சான்றுகளை (இவ்வளவு கரியமில வாயு தவிர்க்கப்பட்டது என்று கொடுக்கும் சான்றுகளை) வாங்கி, பிளாக்செயினில் விற்கும் டோக்கனாக மாற்றும் வேலையும் பெரிதாக நடந்தது. சான்று வழங்கும் அமைப்பான வெர்ரா, ஏற்கெனவே கணக்கு முடிக்கப்பட்ட சான்றுகளை இப்படி டோக்கனாக்கக் கூடாது என்று 2022 மே மாதம் தடுக்க வேண்டியதாயிற்று. நம் மலையில் மரம் நடுவது என்பதே யோசிக்க வேண்டிய சொல். விறகுக்காக வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), தோல் பதனிடும் பட்டைக்காகப் பரப்பிய சீகையும் புல்வெளியை எப்படி விழுங்கின என்பதை மேல் பவானிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நீலகிரியின் உயர்ந்த சரிவுகளில் சோலை மடிப்புகளில்தான் மரம், மேடெல்லாம் புல். அந்தப் புல்லுக்கடியில் உள்ள கறுப்பு மண் தண்ணீரைப் பஞ்சுபோலப் பிடித்துவைத்து, மழை நின்ற பிறகும் ஓடைக்குக் கசியவிடுகிறது. எங்கள் அணைகளுக்கு ஜனவரியில் தண்ணீர் வருவது அதனால்தான். சீகையை அகற்றவேண்டும் என்ற மாணவர் சரியான திசையில்தான் யோசிக்கிறார்.

ஆனால் ஒரு தடவை விற்று வரும் பணம் இந்த வேலைக்குப் பொருந்தாது. சீகையை வெட்டினால் முடிவதில்லை. மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழையிலேயே மெத்தை விரித்ததுபோல முளைக்கும், அதைப் பல ஆண்டுகள் கையால் பிடுங்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சரிவு வன நிலமாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு செடியைத் தொடக் கூடாது. என்.எஃப்.டி. சந்தையோ 2021 மார்ச்சில் ஒரே படம் 6.9 கோடி டாலருக்கு ஏலம் போன சூட்டில் கொதித்து, அடுத்த ஆண்டே ஆறத் தொடங்கிய சந்தை. இந்தியாவில் அதன் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி. வாங்குகிறவரிடம் ‘இந்தப் பணத்தில் புல்வெளி மீண்டது’ என்பதற்கு பிளாக்செயின் சாட்சி சொல்லும் என்றும் நினைக்க வேண்டாம். சங்கிலிக்குத் தெரிவது அதில் தட்டியது மட்டுமே. சரிவில் சீகை போயிற்றா என்று யாராவது ஏறிப்போய்த்தான் பார்க்க வேண்டும். என் யோசனை, பன்னிரண்டு படங்களையும் நல்ல தாளில் அச்சடித்து மாதக் காலண்டராகப் போடுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூவுக்குப் பன்னிரண்டு மாதம் பொருத்தமாகவும் இருக்கும். ஊட்டியிலும் குன்னூரிலும் சீசன் கூட்டத்தில் அது விற்கும், அடுத்த ஆண்டும் விற்கும், பணம் ஆண்டுதோறும் வரும். மாணவருக்கு டிஜிட்டலிலும் விற்க ஆசையிருந்தால் குலுக்கல் முறைச் சங்கிலியில் விற்கட்டும். அதில் சுற்றுச்சூழல் காரணம் காட்டி அவரைத் தடுக்க எனக்கு நியாயமில்லை.

சுவரொட்டியைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் அக்கறையோடு எழுதியது. மூன்று மாத மின்சார வரியை மட்டும் எடுத்துவிட்டு, இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘பிட்காயின் வலையமைப்பு ஓராண்டில் செலவிடும் மின்சாரம், தமிழ்நாடு முழுவதும் செலவிடுவதைவிட அதிகம். எத்தீரியம் 2022-ல் தன் செலவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே குறைத்துக்காட்டியது.’ இரண்டும் சரிபார்க்கக் கூடிய வரிகள். பெங்களூர்க்காரர் யாராவது கண்காட்சிக்கு வந்து குறுக்குக்கேள்வி கேட்டாலும் பிள்ளைகள் தலைகுனிய வேண்டியிருக்காது. முதல் வரி கெடுதியைச் சொல்கிறது, அடுத்த வரி அதைத் தவிர்க்க முடியும் என்பதற்கு ஆதாரம் காட்டுகிறது. கீழே ஓரத்தில் எந்த ஆண்டின் கணக்கு என்றும் எழுதட்டும், இந்த எண்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன.

என்னிடம் எட்டு ஜோடி தாயக்கட்டை இருக்கிறது, எஸ்9 பெட்டியையும் நண்பர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மே மாதம் இரண்டையும் கொண்டுவருகிறேன். வர்க்கியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.